வேறு மானின் தோல்

அண்ணையிடம் கறி எப்படி இருக்கிறது என்று ஒருபோதும் கேட்கக்கூடாது. கேட்டால் சொல்லிவிடுவார். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே நான் அந்தத் தவறைச் செய்தேன். வீட்டிலிருந்து கொண்டுபோன கத்தரிக்காய்க் குழம்பில் பாதியை அவருக்குக் கொடுத்துவிட்டு, சும்மா இருக்காமல் வாயைத் திறந்து கேட்டும்விட்டேன். அவர் மென்று விழுங்கி, தண்ணீர் குடித்து, கொஞ்சம் யோசித்து, "புளி கூடிப்போச்சு தங்கச்சி. கத்தரிக்காயும் பொரிஞ்சது போதாது" என்றார். பிறகு ஒரு துண்டும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு, பெட்டியைக் கழுவித் துடைத்துத் தந்தார். எனக்கு வந்த கோபத்தில் ஒரு மாதம் அவருக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

நாங்கள் வேலை செய்த இடம் கனடாவில், ஸ்காபரோவில் ஒரு நீளமான கட்டிடத்தின் நடு யூனிட். ஒரு பக்கம் கார் திருத்தும் கராஜ்கள், இன்னொரு பக்கம் இடியப்பம் அவிக்கும் சமையல்கூடம். எங்களுடையது, வேட்டைக்காரர்கள் சுட்ட மானின் தலையை உயிரோடு நிற்பதுபோலச் செய்து சுவரில் மாட்டக் கொடுக்கிற கடை. முதலாளி ஒரு வெள்ளைக்காரர். தலைகளைச் செய்வது அண்ணை. தோலைத் தைப்பதும் போன் எடுப்பதும் நான். அதற்குமுன் நான் ஓர் உடுப்புத் தொழிற்சாலையில் தைத்துக்கொண்டிருந்தேன். அதைப் பூட்டிவிட்டார்கள். துணி தைத்தவளுக்குத் தோல் தைக்க முடியாதா என்று துணிந்து வந்துவிட்டேன்.

கோயிலில் யாராவது அண்ணையிடம் என்ன வேலை என்று கேட்டால், "செத்த மானுக்குத் தோல் போடுறனான்" என்பார். பக்கத்தில் நிற்கும் மனைவியின் முகம் கறுத்துப்போகும். அந்த அக்கா எல்லோருக்கும் சொல்லிவைத்திருந்தது டிசைனிங் வேலை என்று.

மான்தலை என்றால் உள்ளே மானின் மண்டை இருக்கும் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். உள்ளே இருப்பது பஞ்சுபோல இலேசான ஒரு பிளாஸ்டிக் உரு. கண்கள் கண்ணாடிக் குண்டுகள். மூக்கின் ஈரம் பெயின்ற். கொம்பு முளைத்த எலும்புத் துண்டை அந்த உருவின் உச்சியில் திருகாணியால் முறுக்கி, பதனிட்ட தோலை நனைத்து மேலே போர்த்தி, கொம்பின் அடியைச் சுற்றி இழுத்துத் தைக்க வேண்டும். "மான் எண்டு அதிலை இருக்கிறது ரெண்டே ரெண்டுதான் தங்கச்சி. கொம்பும் தோலும். அதிலையும் பொய் செய்தா மிச்சம் என்ன?" என்பார் அண்ணை.

அதனால் கிழிந்த காது கிழிந்தபடியே இருக்கும். உடைந்த கொம்புக்கு ஒட்டுப் போட மாட்டார். ஒருமுறை பக்கத்து மார்க்கம் நகரிலிருந்து நம்மவர் ஒருவர் வந்தார். வீடு விற்கும் ஏஜென்ற். எங்கேயோ ஏலத்தில் வாங்கிய பழைய மான்தலை ஒன்றைக் கொண்டுவந்து, உடைந்த கிளையைச் செய்து ஒட்டித் தரச் சொன்னார். புது வீட்டு வரவேற்பறையில் மாட்டவாம்.

"இது நீங்கள் சுட்டதோ?" என்று கேட்டார் அண்ணை.

"சுட்டதெண்டு சொல்லுவம். ஆர் அண்ணை வந்து கேக்கப்போறான்?"

"நான் இப்ப கேட்டனான்தானே."

அந்த மனிதர் தலையைத் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு போய்விட்டார். முதலாளி இரண்டு நாள் முணுமுணுத்தார். நான் பின்னால் போய்ச் சிரித்தேன்.

சிரிக்க முடியாததும் உண்டு. அண்ணையின் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், பிள்ளைக்குச் சுகக்குறைவு ஏதும் உண்டா என்று பேச்சுக்குக் கேட்டிருக்கிறார்கள். எல்லோரும் கேட்கிற கேள்வி, எல்லோரும் இல்லை என்று சொல்லுகிற கேள்வி. இவர், மகளுக்குச் சின்ன வயதில் மூச்சிழுப்பு இருந்தது, குளிருக்கு இப்போதும் வரும், கோபமும் கொஞ்சம் கூட என்று வரிசையாகச் சொல்லியிருக்கிறார். அந்தச் சம்பந்தம் அதோடு நின்றது. மகள் ஐந்து மாதம் அவரோடு பேசவில்லை. இதை எனக்குச் சொன்னபோது ஊசியைக் கீழே வைத்துவிட்டார். ஆனாலும், "கேட்டவை. அதுக்கு என்ன செய்யிறது?" என்றார். எனக்கு அன்றைக்கு அவர்மேல் பாவமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. இந்த மனிதரிடம் ஒரு நாள் என்னைப் பற்றி யாராவது கேட்டால் என்னவாகும் என்று யோசித்தேன்.

அந்த நாளும் வந்தது.

ஒரு செப்ரெம்பரில் வயதான பெண்மணி ஒருவர் வடக்கே மூன்று மணி நேரத் தூரத்திலிருந்து தானே காரோட்டி வந்தார். கணவர் வசந்தத்தில் இறந்துவிட்டார். அதற்கு முந்தின இலையுதிர்காலம் அவர் சுட்ட கடைசி மானின் கொம்பும் தோலும் வீட்டு ஃப்ரீசரில் கிடந்திருக்கின்றன. கொம்பைப் பார்த்ததும் நான் முகத்தைச் சுளித்தேன். வலது கொம்பு தடிப்பாக, ஐந்து கிளையோடு அழகாக நின்றது. இடது கொம்பு விரலளவு தடிப்பில், கீழே வளைந்து காதை நோக்கிப் போயிருந்தது.

அண்ணை அதை இரண்டு கையாலும் ஏந்தித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அந்த அம்மாவிடம், இந்த மானுக்கு வலது பின்னங்காலில் அடிபட்டிருந்ததா என்று கேட்டார். ஒரு பக்கத்துப் பின்னங்கால் முறிந்தால் மற்றப் பக்கத்துக் கொம்பு கோணலாக வளரும் என்பது அவருக்குத் தெரியும். அந்த அம்மா அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டார். ஆம், நொண்டிதான். நான்கு வருடம் அவர்கள் வீட்டில் சமைக்கிற குசினியின் ஜன்னலடிக்கு வந்து அப்பிள் தின்ற மான். கம்பி வேலியில் சிக்கி இடது கன்னத்தில் கீறிய காயம் மயிர் முளைக்காத வடுவாகிவிட்டது. கடைசி வருடம் நடக்கவே முடியாமல் போனது. குளிரில் கிடந்து சாகட்டும் என்று விட மனமில்லாமல்தான் கணவர் சுட்டார். சுட்டுவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லையாம். போனில் இருந்த படத்தையும் காட்டினார். ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே கோணல் கொம்போடு ஒரு மான், கன்னத்தில் வெள்ளையாக ஒரு கோடு.

"அப்படியே செய்து தருவேன்" என்றார் அண்ணை. அவர் அப்படி வாக்குக் கொடுத்து நான் கேட்டது அது ஒன்றுதான்.

இனி என் பிழைக்கு வருகிறேன். கந்தசஷ்டி ஆறு நாளும் அண்ணை தோலைத் தொடமாட்டார். லீவு எடுத்து, விரதம் இருந்து, கோயிலே கதியென்று கிடப்பார். மான் வேட்டைக் காலமும் கந்தசஷ்டியும் ஒன்றாகத்தான் வரும். முதலாளி அதைப் பெரிதுபடுத்துவதில்லை, அந்த வாரம் அவரும் துவக்கைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போய்விடுவார். அந்த வருடம் அண்ணை என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "சஷ்டி தொடங்கிறதுக்கு முந்தினநாள் வரைக்கும் வருவன். அந்த அம்மான்ரை தோலை அதுக்குள்ளை உப்புப் போட்டிடவேணும். நான் வாற கடைசி நாளுக்கு முந்தினநாள் பின்னேரம் எடுத்து இளக வையுங்கோ."

திகதியை அவர் சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை. சஷ்டி எப்போது என்று எனக்குத் தெரியாதா? எங்கள் வீட்டுக் குசினியில் தொங்கும் கோயில் கலண்டரில் ஞாயிற்றுக்கிழமை தொடக்கம் என்று போட்டிருந்தது. அதனால் சனிக்கிழமை அவர் வருவார் என்று கணக்குப் போட்டு, வெள்ளிக்கிழமை பின்னேரம் தோலை ஃப்ரீசரிலிருந்து எடுத்துப் பின்னறைத் தொட்டியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். சனி ஞாயிறு எனக்கு வேலை இல்லை. அண்ணை போகிற கோயில் வேறு. பஞ்சாங்கமும் வேறு. அங்கே சஷ்டி சனிக்கிழமையே தொடங்கிவிட்டது; வெள்ளிக்கிழமை மத்தியானம் தோல் இன்னும் ஃப்ரீசரில் கிடப்பதைக் கண்டு, இனி விரதம் முடிந்து பார்க்கலாம் என்று அவர் போய்விட்டிருந்தார்.

திங்கட்கிழமை காலை கதவைத் திறந்தபோதே கெட்ட மணம் தெரிந்தது. ஹீற்றர் ஓடிக்கொண்டிருந்தது. தோலைத் தூக்கினேன். கழுத்து மயிர் கொத்தாக என் கையோடு வந்தது. கடவுளே என்று அதை அப்படியே தொட்டியில் விட்டேன். பிறகு நான் செய்ததுதான் பிழையிலும் பெரிய பிழை. தோலை மடித்துப் பையில் போட்டு, ஃப்ரீசரின் அடியில் வைத்து, மேலே வேறு பைகளை அடுக்கினேன். தொட்டியைக் கழுவினேன். ஜன்னலைத் திறந்துவிட்டேன்.

ஏன் என்று கேட்டால், என் அம்மா. யாழ்ப்பாணத்தில் அம்மா தனியே இருந்தார். அவரை ஸ்பொன்சர் பண்ணி எடுக்க மூன்று வருட வருமானம் காட்ட வேண்டும், நான் வேலையில் இருக்கிறேன் என்று முதலாளி கடிதம் தர வேண்டும். அது மூன்றாவது வருடம். வேலை போனால் மறுபடி முதலிலிருந்து. அம்மாவின் வயதுக்கு இன்னொரு மூன்று வருடம் இருக்குமா என்று எனக்குத் தெரியாது.

விரதம் முடிந்து வந்த அண்ணை தோலை எடுத்து இளக்கிப் பார்த்தார். தடவிய இடமெல்லாம் மயிர் உதிர்ந்தது. ஒரு கொத்தை மணந்து பார்த்தார்.

"தங்கச்சி, இது எப்ப வெளியிலை எடுத்தது?"

"தெரியாது அண்ணை" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். அந்தக் கடையில் ஃப்ரீசரைத் திறக்கிறவர்கள் இரண்டே பேர். "சரி" என்றுவிட்டு, அந்தக் கெட்டுப்போன தோலுக்கு உப்புப் போடத் தொடங்கினார். குப்பையில் போக வேண்டியதற்கு ஏன் உப்பு என்று எனக்கு விளங்கவில்லை.

காட்டிலிருந்து திரும்பிய முதலாளி பெரிதாகச் சத்தம் போடவில்லை. பதனிட்ட தோல்கள் வேறு இருந்தன. அளவான ஒன்றை எடுத்துப் போடச் சொன்னார். வீட்டு ஃப்ரீசரில் அத்தனை மாதம் கிடந்தது, இப்படி ஆகும்தான் என்றார். அந்த அம்மாவுக்குச் சொல்லத் தேவையில்லை, யாருக்கும் வித்தியாசம் தெரியாது, கன்னத்தில் மட்டும் ஒரு வடு வைத்துவிட்டால் சரி என்றார்.

"தோலைப் போடுறன். வடு வைக்கமாட்டன்" என்றார் அண்ணை. முதலாளிக்கு ஆங்கிலத்தில் சொன்னதை எனக்குத் தமிழிலும் ஒருமுறை சொன்னார்.

இன்னொரு மானின் தோலை அந்தக் கொம்புகளுக்குப் போடுவது இலேசான காரியமல்ல. புதுத் தோல், இரண்டு கொம்பும் சரிசமமாக இருந்த மானுடையது. இடது பக்கத்தில் கொம்பு நுழையும் ஓட்டை இந்த மெல்லிய கொம்புக்கு மிகப் பெரிது, வலது பக்கத்து ஓட்டை தடித்த கொம்புக்குச் சிறிது. அண்ணை உருவின் நெற்றியை அரத்தால் அராவி, களிமண் அப்பி, தோலைப் போர்த்திப் பார்ப்பார். இடதுபுறம் சுருக்கம் விழும். திரும்பக் கழற்றுவார். நனைப்பார், இழுப்பார், ஊசிகளால் குத்தி நிறுத்துவார், தூர நின்று பார்ப்பார், தலையை ஆட்டிவிட்டு மறுபடி கழற்றுவார். இடது பக்கத்தில் மிஞ்சிய தோலை நான் உள்ளுக்குள் சிறு மடிப்புகளாக எடுத்துத் தைத்தேன். வலது பக்கத்தில் பற்றாத இடத்துக்குக் கழுத்தின் பின்பக்கத்திலிருந்து ஒரு துண்டு வெட்டி, மயிர் சரியும் திசை பார்த்து வைத்துக் கொடுத்தார். பதினொரு நாள் எடுத்தது. முடிந்தபோது அந்தக் கோணல் கொம்பு அந்தத் தோலிலிருந்தே முளைத்தது என்று நான் சத்தியம் பண்ணியிருப்பேன்.

அடுத்த நாள் மத்தியானம் அண்ணை பெயின்ற் வாங்க வெளியே போயிருந்தார். முதலாளி என்னைக் கூப்பிட்டு, அந்த அம்மா அனுப்பியிருந்த மானின் படத்தைக் காட்டி, நீ தைக்கிறவள்தானே, இந்த வடுவை வைக்க உன்னால் முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். முடிந்தது. இடது கன்னத்தில் மயிரை மழித்து, தோலை மெல்லக் கீறி, உள்ளிருந்து இழுத்துத் தைத்து, படத்தில் இருந்த அதே வெள்ளைக் கோட்டைக் கொண்டுவந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு நேர்த்தியாக ஒன்றும் தைத்ததில்லை. பெருமையாகக்கூட இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

அண்ணை வந்து விளக்கைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"நல்லாத் தைச்சிருக்கிறியள்" என்றார். அவருடைய வாயிலிருந்து எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு. பிறகு சின்னக் கத்தரிக்கோலை எடுத்து, ஒவ்வொரு தையலாக வெட்டி உருவத் தொடங்கினார்.

"அண்ணை, என்ன செய்யிறியள்?"

"அந்த மனிசி வந்து முதல்வேலையா இந்த வடுவைத்தான் தடவும், தங்கச்சி."

"நான்தான் அண்ணை தோலை வெளியிலை வைச்சனான். எங்கடை கலண்டரிலை ஞாயிற்றுக்கிழமை எண்டு கிடந்தது. என்ரை அம்மான்ரை ஸ்பொன்சர் பைல் அனுப்பிற நேரம், பயந்துபோனன்."

"தெரியும்."

"தெரிஞ்சால் ஏன் என்னட்டைக் கேக்கேல்லை?"

"கேட்டனான். தெரியாதெண்டியள்."

"அந்த அம்மாவுக்குச் சொல்லப்போறியளோ?"

அவர் கடைசித் தையலையும் உருவிவிட்டுக் கத்தரிக்கோலைத் துடைத்து வைத்தார்.

அந்த அம்மா ஒரு வியாழக்கிழமை வந்தார். நல்ல உடுப்பு உடுத்தி, உதட்டுச் சாயம் பூசி வந்திருந்தார். தலையைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டார். கை கோணல் கொம்பைத் தொட்டது, பிறகு இடது கன்னத்துக்குப் போனது. அங்கே வடு இல்லை. கீறித் தைத்துப் பிரித்த இடம் மட்டும் சொரசொரப்பாக இருந்தது. விரல் அங்கேயே நின்றது. நான் பொதி சுற்றும் பிளாஸ்டிக்கைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

முதலாளி வாயைத் திறப்பதற்குள் அண்ணை சொல்லிவிட்டார். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், நிறுத்தி நிறுத்தி. கொம்பு உங்களுடையது. தோல் வேறு மானுடையது. உங்களுடைய தோல் இங்கே கெட்டுப்போய்விட்டது. நான் விரதத்தில் இருந்தேன், எந்த நாள் என்று சரியாகச் சொல்லிவிட்டுப் போகவில்லை. பிழை என்னுடையது.

அவ்வளவுதான். என் பெயர் அதில் இல்லை. அவர் நிறுத்தியதும் அந்த அம்மா கன்னத்தை இன்னொருமுறை தடவிப் பார்த்தார். அந்த இடைவெளியில் நான் பேசியிருக்கலாம். பேச நேரம் போதுமாக இருந்தது. நான் பிளாஸ்டிக்கைச் சுருட்டினேன்.

அந்த அம்மா திட்டவில்லை. என்னுடைய தோல் எங்கே என்று மட்டும் கேட்டார். அண்ணை உள்ளே போய் ஒரு பெட்டி கொண்டுவந்தார். உப்பிட்டுக் காயவைத்த தோல், பாதி மொட்டையாக, மடித்து வைத்திருந்தார். கன்னத்துப் பக்கம் மேலே இருந்தது. வடு அப்படியே கிடந்தது. அந்த அம்மா அதைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு, கொம்பும் இதுவும் எனக்குப் போதும், அந்தத் தலை வேண்டாம் என்றார்.

பதினொரு நாள் உழைத்த வேலையை அண்ணை அவருக்கு முன்னாலேயே பிரித்தார். கொம்பைச் சுற்றியிருந்த தையலை வெட்டி, ஆணிகளைக் கழற்றி, எலும்போடு கொம்பை எடுத்துத் துடைத்து, பெட்டியில் வைத்துக் கொடுத்தார். கார்வரைக்கும் தானே தூக்கிக்கொண்டு போனார்.

அந்த அம்மா நடந்ததை இணையத்தில் எழுதினார். அதில் பொய் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு இரண்டு பேர் தங்கள் மான்களைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள். முதலாளி அண்ணையை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். கடைசி நாள் பஸ் தரிப்பில் அவரிடம் ஓடிப்போனேன்.

"ஏன் அண்ணை உங்கடை பிழை எண்டு சொன்னனீங்கள்?"

"நான் திகதி சொல்லேல்லைத்தானே. அது என்ரை பிழைதான்."

"எடுத்து வைச்சது நான்."

"ஓம். அதைச் சொல்லவேண்டினது நானில்லை."

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். நான் அடுத்த நாளும் வேலைக்குப் போனேன். முதலாளி கடிதம் தந்தார். இரண்டு வருடத்தில் அம்மா வந்து சேர்ந்தார்.

போன மாசி மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பிளாசாவில் மரக்கறி வாங்கப் போனபோது, கடை வாசலில் அண்ணை. தலை நன்றாக நரைத்திருந்தது. காலடியில் ஒரு பெரிய அரிசிப் பை.

"அம்மாவோ? வந்திட்டாவோ? நல்லது, நல்லது" என்றார். முகம் உண்மையாகவே மலர்ந்தது.

"ஆர் பிள்ளை இவர்?" என்று அம்மா கேட்டார்.

"முந்தி எங்களோடை வேலை செய்தவர் அம்மா."

அம்மாவுக்கு ஆட்களோடு பேச ஆசை. "இப்ப அங்கை இல்லையோ தம்பி? ஏன் விட்டனீங்கள்?"

அண்ணை என்னைப் பார்த்தார். கேள்வி அவரிடம் கேட்கப்பட்டது, ஆனால் அவர் எனக்காகக் காத்துநின்றார். நான் அம்மாவின் கோட்டுப் பொத்தானைச் சரிசெய்தேன்.

"இடுப்பு நோ அம்மா. நிண்டு வேலை செய்யேலாமல் போச்சு" என்றார்.

மகளின் இழுப்பைச் சம்பந்தக்காரரிடம் மறைக்காத மனிதர் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு, அரிசிப் பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வீதிப்பக்கமாக நடந்தார். அம்மா அவருடைய நிமிர்ந்த முதுகைப் பார்த்தபடி நின்று, பிறகு என் கையைத் தட்டிச் சிரித்தார்.

"இடுப்பு நோவாம்! மூட்டை தூக்கிற தூக்கைப் பார். நல்ல பொய்க்காரன் பிள்ளை உவர்."

நான் அம்மாவின் பக்கம் திரும்பினேன்.

"இல்லை அம்மா. அது என்ரை பொய்" என்றேன்.

அம்மாவின் சிரிப்பு நின்றது. பனி கொட்டிய அந்தக் கார் தரிப்பிடத்தில் நின்றபடியே, வெள்ளிக்கிழமை பின்னேரம் ஃப்ரீசரைத் திறந்ததிலிருந்து அவருக்குச் சொல்லத் தொடங்கினேன். அண்ணையும் நின்று இதைக் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நான் நிமிர்ந்து பார்த்தபோது அவர் பஸ்சில் ஏறிவிட்டார்.